காது கேளாதவளுக்கு ஒரு கிட்டார்

எங்கள் இசைக்குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பது நான்தான். பத்தொன்பது வருடமாக வாசிக்கிறேன். கல்யாண வரவேற்புகளில், மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் புடவை கட்டிய ஒரு பெண் நின்று வாசிப்பதை நீங்கள் பார்த்திருந்தால் அது நானாக இருக்கலாம். பகலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இரண்டு இடத்திலும் என்னை யாரும் அதிகமாகக் கவனிப்பதில்லை. தப்பு நடந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் அதிகம் பேர் திரும்பவில்லை என்று கொஞ்சம் தலைக்கனத்தோடு சொல்லிக்கொள்வேன்.

அவள் எங்களிடம் வந்தது ஒரு தீபாவளி அன்று. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் வெடிச் சத்தத்துக்குப் பயந்து கார்களுக்கு அடியிலும் சாக்கடைப் பாலத்துக்கு அடியிலும் பதுங்கிக் கிடந்தன. ஒரு குட்டி மட்டும் நடுத்தெருவில் தூங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம். நெஞ்சில் தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு வெள்ளைக் கோடு. நாலடி தள்ளிச் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னா தைரியம் பாரு இதுக்கு. இது நம்ம வீட்லயே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் அவளுக்குப் பின்னால் என் கை தவறி ஒரு குக்கர் மூடி விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். குட்டியின் காதுகூட அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தைரியம் இல்லை. அவளுக்குக் காது கேட்காது.

பெயர் ஒன்று வைத்தோம். ஆனால் அது எங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் இரண்டு தட்டு தட்டுவோம். எங்கிருந்தாலும் தலை தூக்குவாள்.

ஒரு வாரம் கழித்து, வீட்டில் நான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாக எழுந்து வந்தாள். ஸ்பீக்கர் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். அப்புறம் தன் விலாவை அதன் மேல் ஒட்டிவைத்து உட்கார்ந்தாள். நான் நிறுத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து பதினோரு வருடம், என் பயிற்சி ஒன்றுகூட அவள் இல்லாமல் நடக்கவில்லை. கீபோர்டு, கிட்டார், பாட்டு எதற்கும் வரமாட்டாள். தரையையும் பெட்டியையும் அதிரவைக்கும் பாஸுக்கு மட்டும்தான் வருவாள். மேடையில் யார் காதிலும் தனியாக விழாத என் வாசிப்பை ஒரு காது கேளாத நாய் தேடி வந்து கேட்டது. அதற்காகவே நான் இன்னும் நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்றால் அது பொய்யில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு மரவேலைப் பட்டறை இருக்கிறது. மாடுலர் கிச்சனும் கப்போர்டும் செய்கிறார்கள். ஓய்வே இல்லாத பட்டறை. அதன் உரிமையாளரை எல்லோரும் பாய் என்போம். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பார். அவர்கள் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. அவளைத் தொடவும் மாட்டார். ஆனால் ரம்பம் ஓடும்போது அவள் உள்ளே வந்துவிட்டால் உடனே மெஷினை நிறுத்துவார், காலால் தரையைத் தட்டுவார், அவள் வெளியே போனபிறகுதான் மறுபடி ஓட்டுவார். பட்டறை வாசலில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் அவளுக்குத் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

பதினோரு வயது முடிந்தபோது அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ரத்தத்தின் அளவுகளை எண்களாகப் படித்துப் புரிந்துகொள்வது என் தொழில். டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி இரண்டு நாள் அவளால் எழ முடியவில்லை. ஸ்பீக்கரை அவள் பக்கத்தில் இழுத்துவைத்து, மிகத் தாழ்ந்த சுருதிக் கம்பியை மட்டும் மெதுவாக மீட்டினேன். வால் நுனி அசைந்தது. அடுத்த நாள் மதியம் போய்விட்டாள். வில்லியனூர்ப் பக்கம் என் கொழுந்தனாரின் கொல்லையில் புதைத்தோம்.

அதற்கப்புறம் நாலு மாதம் வீட்டில் நான் பாஸைத் தொடவில்லை. மேடையில் வாசித்துவிட்டு உறையில் போட்டு மூடி அலமாரி மேல் வைத்துவிடுவேன். அந்த நாலு மாதத்தில் ஏற்கெனவே பழசாகியிருந்த அதன் கழுத்து, கம்பிகள் ஓடும் நீளக் கட்டை, முறுக்கிக்கொண்டது. எங்கள் குழுவை நடத்துபவர் கீபோர்டு வாசிப்பவர், மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் சொன்னார்.

"இது போச்சும்மா. புதுசு வாங்கிடு."

சென்னைக்குப் போய் ஒரு கடையில் ஏழெட்டு கிட்டார்களை மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நல்ல கிட்டார்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது, இதற்கு அவள் எழுந்து வந்திருப்பாளா என்றுதான் யோசித்தேன். ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினேன். திண்டிவனம் தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன்.

"பாய், ஒரு பாஸ் கிட்டார் செய்யணும்."

"செஞ்சு குடுக்கணுமாக்கா?"

"இல்ல, நான்தான் செய்யணும். இடமும் மெஷினும் நீங்க குடுங்க. தப்பு பண்ணா சொல்லுங்க."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"அதுக்காகவா?" என்றார். எதைச் சொல்கிறார் என்று இருவருக்கும் தெரியும்.

"ஆமா."

"அப்ப செஞ்சிரலாம்."

அவரிடம் ஒரு பலாப் பலகை இருந்தது. யாரோ ஊஞ்சலுக்கென்று சொல்லிவைத்துவிட்டுத் திரும்பி வராததால் மூன்று வருடமாகச் சுவரில் சாய்ந்து நன்றாகக் காய்ந்திருந்தது. இழைத்ததும் உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு தெரிந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அவளுடைய நிறம். பலகையின் ஓரத்தில் மரத்தின் வெளுத்த பகுதி ஒரு பட்டையாக ஓடியது.

"அந்த வெள்ளைய எடுத்துடணும்கா. பூச்சி அடிக்கும்."

"அதுதான் பாய் எனக்கு வேணும். நடுவுல வர்ற மாதிரி ஒட்டலாம்."

பூச்சி வராமலிருக்க மருந்து பூசி, இரண்டு வாரம் உலரவைத்து, பலகையை இரண்டாகப் பிளந்து, வெள்ளைப் பட்டை நடுவில் மேலிருந்து கீழே இறங்குவதுபோல ஒட்டினோம். உடல் பாகத்தை வெட்டியது நான். உள்ளே குடைந்ததும் நான். சாதாரணமாக இந்தக் கிட்டார்களின் உடல் உள்ளே வெற்றிடமில்லாத முழுக் கட்டையாக இருக்கும். நான் பாதிக்கு மேல் குடைந்து வெற்றிடம் விட்டு, பின்னால் மெல்லிய பலகை போட்டு மூடினேன். வாசிப்பவரின் விலாவில் அதிர்வு தெரியவேண்டும் என்பதுதான் என் ஒரே கணக்கு.

கழுத்துக்கு, இடித்த பழைய வீடுகளின் மரம் விற்கும் கடையில் ஒரு பர்மா தேக்கு உத்தரம் கிடைத்தது. கழுத்து வளையாமலிருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி வைக்கவேண்டும். என் கணவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்பவர். மேலாளரிடம் அனுமதி வாங்கி அதை அவரே கடைந்து கொண்டுவந்தார். வரைபடத்தில் நான் போட்டிருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப், முடுக்குச் சாவிகள், கம்பிகள் மட்டும்தான் இசைக்கருவிக் கடையில் வாங்கியவை.

பெரிய தப்பு, கழுத்தின் மேல் ஒட்டும் விரல் பலகையில் நடந்தது. ஸ்வரங்களுக்கான இருபது ஃப்ரெட் கம்பிகளைக் குறுக்கே பதிக்கக் கோடு போடவேண்டும். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று அடுத்தடுத்து அளந்து, வெட்டியும் விட்டேன். பன்னிரண்டாவது கோடு கம்பி நீளத்தின் சரிபாதியில் விழவேண்டும். மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. ஒவ்வொரு அளவிலும் ஒரு மயிரிழைப் பிசகு, அது சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. நல்ல ஈட்டி மரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"கப்போர்டுல மூணு மில்லின்னா ஒருத்தருக்கும் தெரியாதுக்கா," என்றார் பாய்.

"இதுல ஊருக்கே தெரியும் பாய்."

பரிசோதனைக் கூடத்தில் யாராவது இப்படி அளந்தால் நானே திட்டியிருப்பேன். இரண்டாவது பலகையில் எல்லாக் கோட்டையும் உச்சியிலிருந்தே அளந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து தாளில் எழுதி, ஒத்துப்போனால்தான் கத்தி வைத்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பன்னிரண்டாவது கோடு சரிபாதியில் விழுந்தபோது பாய் தன் அளவுநாடாவை வைத்துப் பார்த்தார். பிறகு என்னுடைய ஸ்டீல் ஸ்கேலை வாங்கி மறுபடி பார்த்தார். வேலையாட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கம்பிகள் ஏறும் உச்சியில் ஒரு சின்ன எலும்புத் துண்டு வைப்பது வழக்கம். அதை வாங்க இருந்த வாரம், மாடியில் செம்பருத்தித் தொட்டிக்கு மண் மாற்றினேன். மண்ணுக்குள் கரண்டி எதிலோ தட்டியது. மாட்டுக் கால் எலும்பு, ஒரு சாண் நீளம், ஒரு பக்கம் முழுக்கப் பல் பதிந்த தடம். எப்போது புதைத்தாளோ தெரியாது. அங்கேயே மண் கையோடு உட்கார்ந்து அழுதேன். அவள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. பிறகு எலும்பைக் கழுவி, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, அறுத்து, அரத்தால் ராவினேன். கடையில் விற்பதைவிடக் கெட்டியாக இருந்தது. ஒரு பல் தடத்தை மட்டும் ராவாமல் விட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

அதுவரை மேடையில் பழையதை வைத்தே ஒப்பேற்றினேன். எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை கம்பி பூட்டினோம். ஸ்பீக்கரில் இணைக்கும் முன்பே தாழ்ந்த சுருதிக் கம்பியை மீட்டினேன். அதிர்வு மரத்தில் இறங்கி என் விலாவுக்குள் வந்து நின்றது. பாய் பின்பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னொரு வாட்டி தட்டுங்க."

தட்டினேன். கையை எடுக்காமல் ஐந்தாறு முறை கேட்டார். என் கணவர் தன் முறைக்காகப் பக்கத்தில் நின்றார்.

அடுத்த மாதம் ஒரு வரவேற்பில் அதை மேடைக்குக் கொண்டுபோனேன். மாஸ்டர் முகம் சுளித்தார். "கச்சேரிலயாம்மா சோதனை பண்றது?" பழையதையும் காரில் வைத்திருக்கச் சொன்னார். ஒலி சரிபார்ப்பில் நாலு வரி வாசித்தேன். மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினார். பாஸ் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதுதான் அவர் வழக்கம். அன்று ஒலி அமைப்பாளரைப் பார்த்து, "அவங்கள கொஞ்சம் ஏத்திவிடு," என்றார்.

நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுற்றும்போது அந்த ஒலி அமைப்பாளர் என்னிடம் வந்தார்.

"எந்தக் கம்பெனிங்க இது?"

"நெல்லித்தோப்பு."

"இல்லங்க, செஞ்சது யாரு?"

"நான்தாங்க."

அவர் கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். நெஞ்சில் இறங்கும் வெள்ளைப் பட்டையின் மேல் விரலை ஓட்டி, "நல்லா யோசிச்சு வெச்சிருக்கீங்க," என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்ததாக என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு பேர் அதை விலைக்குக் கேட்டார்கள். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவதாக, விழுப்புரத்தில் வாசிக்கும் ஒரு பெண் வந்தாள். அவள் விலைக்குக் கேட்கவில்லை. "எனக்கு ஒண்ணு செஞ்சு தர்றீங்களாக்கா?" என்றாள். அவள் வீட்டுக் கொல்லையில் புயலில் சாய்ந்த வேப்பமரத்தின் பலகை இருக்கிறதாம், அதில்தான் வேண்டுமாம். வேம்பு எப்படி ஒலிக்கும் என்று எனக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது. பலகை போன மாதம் பட்டறைக்கு வந்துவிட்டது. இன்னும் ஈரம் இருக்கிறது. எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்க்க ஞாயிறுதோறும் போய் எடை போட்டு எழுதி வருகிறேன்.