இருபத்தாறு பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அக்கா

எங்கள் அக்கா பொகவந்தலாவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஆற்றோரத்து லயத்தின் வரிசை அறைகளில் நான்காவது காம்பராவில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொழுந்தெடுக்கப் போனார். அவர் மலைக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். பின்னர் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கரானேன். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதிவருகிறேன். அதைப் பார்த்தே இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை தராதவற்றையும் விடவில்லை.

கொழுந்து மலையில் யாராவது மயங்கி விழுந்தால் எங்கள் பக்கத்தில் வேறு கேள்வியே கிடையாது. பசி மயக்கம்தான். விடிந்ததும் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலையேறுகிறவர்கள் விழத்தானே செய்வார்கள்? நிழலில் படுக்கவைத்து, சீனி கூட்டிப் போட்ட தேத்தண்ணி கொடுப்போம். எழுந்துவிடுவார்கள். அக்காவின் ஒரே மகன் கரப்பந்து ஆடும்போது இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் தேத்தண்ணி கொடுத்தோம். எழுந்து மறுபடியும் ஆடினான். மூன்றாம் முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, எழும்பிப் பந்தை அடித்துவிட்டுக் கீழே வந்தவன் எழவில்லை. அவனுக்கு வயது பதினேழு.

திடீர் மரணம் என்பதால் உடலைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று மரண விசாரணை அதிகாரியிடம் கெஞ்சியவர்களில் நானும் ஒருவன்.

“பச்சப் புள்ளய வெட்டணுமாம்மா? அப்படியே வாங்கிட்டுப் போயிருவோம்” என்றார் சித்தப்பா அக்காவிடம்.

“அவன் பசியில சாகல சித்தப்பா” என்றார் அக்கா. “காலையில நாலு ரொட்டி தின்னுட்டுத்தான் போனான். நாந்தான சுட்டுக் குடுத்தேன். எதுல செத்தான்னு எனக்குத் தெரியணும்.”

பரிசோதித்துப் பார்த்ததில், இதயத் தசை தடித்திருந்ததாம். ஓடியாடும்போது துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடுமாம். பரம்பரையாக வரக்கூடியது, வலியோ வேறு அறிகுறியோ இல்லாமலும் இருக்கும், எனவே இரத்த உறவினர் எல்லோரும், முக்கியமாக இளையவர்கள், ஈ.சி.ஜி.யும் ஸ்கேனும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் விளக்கினார். கருமாதி முடிந்த மறுநாளே அக்கா தன்னை முதலில் பார்க்கச் சொன்னார். அவருக்கும் இருந்தது.

“எங்கிட்டயிருந்துதான் போயிருக்கு” என்றார் பஸ்ஸில் வரும்போது. “இன்னும் யாருகிட்ட இருக்குன்னு நானே தேடிப் புடிக்கிறேன்.”

இரத்த உறவினர் எல்லோருடைய பெயரையும் என்னிடம் எழுதி வாங்கினார். தோட்டத்தில் வேலை இல்லாத நாளெல்லாம் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். எங்கள் சின்னண்ணன், மீசை நரைத்த மனிதர், அக்கா வருவதைக் கண்டு கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அக்கா வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டார். “மெதுவா வா ராசா. காலை பஸ் போனா பத்து மணி பஸ் இருக்கு” என்றார். அண்ணன் பத்து மணி பஸ்ஸில் போனார்.

நான் செய்தது அதைவிடக் கேவலம். எழுதிக் கொடுத்த பட்டியலில் என் மகளைச் சேர்க்கவில்லை. அக்கா எண்ணிப் பார்த்தார்.

“இருபத்தெட்டு வரணும். இருபத்தேழுதான் இருக்கு. உன் மக எங்கடா?”

“பொம்பளப் புள்ளக்கா. நெஞ்சுல கோளாறுன்னு பேரு வந்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா?”

“கட்டுறதுக்கு மொதல்ல அவ இருக்கணும்டா.” பட்டியலை என் பக்கம் தள்ளி, “போன மாசம் பள்ளிக்கூடத்துல காலைக் கூட்டத்துல விழுந்தாளாமே. என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார்.

நான் பேனாவை எடுத்து மகள் பெயரை எழுதினேன்.

“தேத்தண்ணியா?”

மறுநாள் ஆறரை பஸ்ஸில் மூவரும் போனோம். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் இதயத்தின் தசையும் தடித்திருந்தது. கண்டிக்கு அனுப்பினார்கள். துடிப்பு தவறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் சிறு கருவி ஒன்றை அவள் நெஞ்சுத் தோலுக்கு அடியில் பொருத்தினார்கள். மூன்று ஆண்டுகள் அது சும்மா இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அக்காவோடும் என்னோடும் கோயில் படியில் ஏறிக்கொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கண்ணைத் திறந்தாள்.

“யாருப்பா என் நெஞ்சுல ஒதைச்சது?”

அக்கா படியிலேயே உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். “ஒன் அத்தைதான்டி. விழுந்தா இன்னும் ஒதைப்பேன்.”

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது ஒரே வரி: மகள் இருக்கிறாள்.

அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் கருவியைப் பற்றி அக்காவே முதலில் சொன்னார். மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வருடத்துக்கு எத்தனை தடவை கண்டிக்குப் போக வேண்டும்? அந்தக் கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் நின்று பரிமாறியவர் அக்கா. இருபத்தாறு பேரைப் பரிசோதித்ததில், அவரையும் சேர்த்து நால்வருக்கு நோய் கண்டுபிடித்தார்கள். மற்ற மூவரும் இன்று வேலைக்குப் போய்வருகிறார்கள். அக்கா தன் மகனுக்குப் பிறகு எங்களில் ஒரு பிள்ளையையும் சாகவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டு, அறுபத்து மூன்றாம் வயதில், போன வருடம் இதே மாதத்தில், என் மகள் கையைப் பிடித்திருக்கக் காலமானார்.

கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட வைத்தியர்கள், தாதிமார், நேரம் முடிந்த பிறகும் எங்கள் பிள்ளைகளுக்காக ஈ.சி.ஜி. எடுத்துத் தந்தவர், மழையில் அக்காவைத் தோளில் சுமந்து மேடேறிய லயத்து ஆட்கள், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்த பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினரில் இருவர் இன்னும் பரிசோதனைக்குப் போகவில்லை. பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். வரும் செவ்வாய்க்கிழமை டிக்கோயா போகும் ஆறரை பஸ்ஸில் என் மகள் இரண்டு இருக்கைகளில் பை போட்டு இடம் பிடித்து வைத்திருப்பாள். வந்து உட்காருங்கள்.