விழுகிற சிப்பாய்

ராமபத்ரன் பட்டாள வேஷத்துத் தோள்வாருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கிறார். பழைய வேட்டித் துணியைப் பந்தாகச் சுருட்டி, கிண்ணத்தில் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இந்த வேலையை மட்டும் மனைவி காமாக்ஷியிடம் கொடுப்பதில்லை. "அவ பூசினா கோலம் மாதிரி இருக்கும். பட்டாளத்துக்காரன் வாருன்னா செவுரு மாதிரின்னா இருக்கணும்!"

மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் எடை போடும் குமாஸ்தா அவர். எண்பதாம் வருஷம் ஜூ டவுன் பழம்பொருள் கடையொன்றில் சட்டம் உடைந்த படம் ஒன்று கண்ணில் பட்டது. டச்சுக்காரனிடமிருந்து கொச்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், வரிசையாகச் சிவப்புக் கோட்டில். அந்த வருஷமே கிட்டங்கிச் சுமைகாரர்களைச் சேர்த்து ஒரு பட்டாளம் கட்டிவிட்டார். புத்தாண்டு ஊர்வலத்தில் அணிவகுப்பு, முடிந்ததும் எல்லாருக்கும் பிரியாணி. தான் மட்டும் தயிர்சாதம்.

"நம்மை அடிச்சவன் வேஷம் எதுக்கு ஓய்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். "ராஜா வேஷத்துக்கு நூறு பேர் வருவான். கூலிக்குக் கப்பலேறி வந்து இங்கே பேதியில செத்தானே, அவன் வேஷம் யாரு போடறது?"

துப்பாக்கி, பலாக்கட்டையும் இரும்புக் குழாயும். வேட்டுச் சத்தத்துக்குக் கோயில் திருவிழாவில் வெடிக்கிற கதினா. அந்தக் காலத்துச் சிப்பாய் தலைக்கு வெள்ளைப் பொடி பூசுவானாம். இவர் பச்சரிசி மாவு பூசுவார். ஜூ டவுன் திரும்புவதற்குள் வியர்வையில் மாவு குழைந்து நெற்றியில் வடியும். "தே, சாயிப்பு தோச சுடான் போணு!" என்று தெருவோரம் மலையாளத்தில் கூவும்; துரை தோசை சுடப் போகிறாராம்.

அது அவர் காதில் ஏறாது. அவருக்குக் கவலை வேறு. மூட்டை சுமந்து பழகிய கழுத்துகள். துப்பாக்கி தோளில் ஏறியதும் தலை தானாகச் சாயும். "தலையில ஒண்ணுமில்லைடா, நிமிந்து நட!"

"இருந்தாத்தான் சாமி நேரா நடக்க வரும்" என்பான் முதல் வரிசையில் நிற்கும் சுப்புராஜ். அவனுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம்.

முதல் வேட்டுக்கு ஒரு சிப்பாய் செத்து விழ வேண்டும். பிணமாகப் படுக்க ஒருவனும் சம்மதிக்கவில்லை. வீட்டில் பெண்கள் விடமாட்டார்கள். ஆகவே ராமபத்ரனே விழுவார். அன்று காமாக்ஷி அவரை வாசற்படி ஏறவிடமாட்டாள். கொல்லைக் கிணற்றடியில் கோட்டும் வாருமாக உட்காரவைத்து, தானே இறைத்துத் தலையில் ஊற்றுவாள். செத்தவர் அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். இது தெருவுக்கே தெரிந்த வழக்கம்.

போன வருஷம் அவருக்கு மார்வலி. ரோட்டில் விழுகிற வேலையெல்லாம் கூடாது என்றுவிட்டார் டாக்டர். ராமபத்ரன் சுப்புராஜைப் பிடித்தார். "செத்தாப்பல படுத்து எழுந்தவனுக்கு ஆயுசு கூடும்டா." அவன் நம்பினானோ என்னவோ, விழுந்தான். இவரைவிட நன்றாகவே விழுந்தான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், தலையில் காய்ந்த மாவோடு சுப்புராஜ் அவர் கொல்லை வாசலில் வந்து நின்றான். பக்கத்து வீடு நான்; எல்லாம் கேட்டது.

"அம்மாவை ஒரு குடம் ஊத்தச் சொல்லுங்க சாமி."

காமாக்ஷி வாளியைக் கிணற்றில் இறக்கியேவிட்டாள். ராமபத்ரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இது எங்காத்துக் கெணறுடா. நீ தெருப் பைப்புல குளிச்சுக்கோ."

பைப்பில் அன்று தண்ணீர் வரவில்லை.

மாசியில் கிட்டங்கியில் மூட்டை அடுக்கு சரிந்தது. அடியில் நின்றவன் சுப்புராஜ்.

இதோ மறுபடி மார்கழி. உறைமோர் வாங்கப் போன நான் கிண்ணத்தோடு ராமபத்ரன் வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தேன். சுப்புராஜின் மனைவி மாயம்மாள் வந்திருந்தாள், மடித்த சிவப்புக் கோட்டோடு.

"துவைச்சிட்டேன் சாமி. காலர்ல மாவுக் கறை மட்டும் போகல."

"வெச்சுட்டுப் போ மாயம்மா."

காமாக்ஷி கொண்டுவந்த காப்பியை அவள் தொடவில்லை. "இந்த வருசம் ஆரு விழுறா?"

"பாக்கணும்."

"அன்னைக்கு ரோட்டுல கெடந்தப்ப என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு. கிட்டங்கிலயும் மூட்டைய எடுத்ததும் அப்பிடித்தான் முழிப்பாருன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்."

ராமபத்ரன் பூசிய இடத்திலேயே திரும்பப் பூசிக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்தாததுனாலதான் செத்தாருன்னு நான் சொல்லல. சரியுற மூட்டைக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா ஒரு குடம் தண்ணி சாமி. ஒங்களுக்குப் பதிலாத்தான விழுந்தாரு? அம்மா ஊத்த வந்தாங்களே, ஏன் வேணாம்னீங்க?"

காமாக்ஷியும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமபத்ரன் துணியைக் கிண்ணத்தில் போட்டார். கோட்டைத் தொடவில்லை. எழுந்து, கதவு நிலையைப் பிடித்து ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நிலையில் நாலு விரல் வெள்ளையாகப் பதிந்து, ஈரம் காயாமல் இருந்தது.