ஏணி பிடித்த கஃபீல்

அபுதாபி முசஃபா லேபர் கேம்ப்பில் எங்கள் அறையில் கட்டில் ஆறு, கடவுள் இரண்டு. ஒருவர் என்னுடையவர்: மாட்டுக்கொட்டிலில் பிறந்து, அடிபட்டு, செத்து, எழுந்தவர். மற்றவர் மேல்கட்டில் வெல்டருடையவர்: உலகத்தைப் பண்ணி, சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனவர்.

"நம்ம கஃபீல் மாதிரிதான்வே" என்பார் வெல்டர். எங்கள் விசாவுக்குப் பொறுப்பான அந்த அரபு முதலாளியை ஒன்பது வருடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. "ஆளு இருக்காரு. இல்லேங்கல. ஆனா இங்க எதுக்கு வருவாரு? உம்ம மூட்டைப்பூச்சிய எண்ணவா?"

அறையே சிரிக்கும். எனக்கு வராது. அடுத்த மாதம் இருவரும் லீவில் போகிறோம். அவர் மகளுக்கு ஞானஸ்நானம், நான் ஞானத்தகப்பன். வராத ஆளுக்கு எதற்கு விழா, நிறுத்தப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏ.சி. ஒழுகியது. நான் ஏணிமேல். பேன்ட் சட்டையில் ஒரு பெரியவர் எட்டிப்பார்த்தார். ரிப்பேர் ஆள் என்று நினைத்துவிட்டார் வெல்டர்.

"பாய், ஜூத்தா பாஹர்! ஜல்தி!"

பெரியவர் செருப்பைக் கழற்றினார். வெல்டர் அவர் கையை இழுத்து ஏணியில் வைத்தார். கறுப்புத் தண்ணீர் அவர் சட்டையில் சொட்டியது. பிடித்துக்கொண்டே நின்றார், பாவம். கேம்ப் பாஸ் மூச்சிரைக்க ஓடிவந்து "கஃபீல்!" என்று கத்தும்வரை.

கஃபீல் சிரித்தார். பாலில்லாத சுலைமானி டீ ஒன்று குடித்தார். போய்விட்டார்.

"வந்துட்டாருல்லா?" என்றேன்.

"அதுக்காக ஒம்ம ஏசு வந்தாருன்னு ஆயிருமா?"

"ஆவாது. ஆனா பெரியவரு கீழ வரவே மாட்டாருங்கிறதுதான் ஒம்ம வாதம். அது செத்துப்போச்சு. இனி பாத்தவன் சொன்னதத்தான் விசாரிக்கணும். ஏசு எழுந்ததப் பாத்த அந்த மீன்பிடிக்காரச் சீஷனுவ அடி வாங்குனானுவ, உசிரையும் விட்டானுவ. பாத்தத மாத்திச் சொல்லலயே. பொய்க்கு எவன்வே அம்புட்டு அடி வாங்குவான்?"

நிமிர்ந்து பார்த்தேன். வெல்டர் மேல்கட்டிலில் முழங்காலிட்டிருந்தார், தலை கூரையில் முட்ட, விசா கேன்சல் ஆகாமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டு.

"யார்ட்டவே கேக்குதீரு? அவருதான் எதுலயும் தலையிட மாட்டாரே!"

"சும்மா கெடயும்வே."

முடித்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். "தேதிய மாத்தாண்டாம். வெள்ளைக் கவுன் எடுத்துரு."

என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "நம்பிட்டேன்னு நெனைக்காதேயும். விசாரிக்கேன்."