ஒரு கைப்பிடிப் பொங்கல்

மாட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள். திருக்காட்டுப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருபது வருடங்களாகக் கரும்பலகையில் நான் வரைந்துவரும் படம் அது. முதல் அறைதான் பெரியது, அதில் வாழும் நுண்ணுயிரிகள்தான் வைக்கோலைச் செரிக்கவைக்கின்றன என்று வாய் ஓயாமல் சொல்வேன். படித்தவள் என்ற திமிருக்கும் என்னிடம் குறைச்சலில்லை.

போன மாட்டுப் பொங்கலன்று எங்கள் சினைப்பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, ஒரு கைப்பிடிப் பொங்கலை இலையில் வைத்து ஊட்டினார் என் கணவர். "போதும், இதுக்கு மேல குடுக்காதே" என்று சொல்லிவிட்டுத் தாளடி வயலுக்கு மடை பார்க்கப் போனார். வருவதாகச் சொன்ன உறவினர்கள் வரவில்லை. பாதி அண்டாப் பொங்கல் மீந்துவிட்டது. இன்று அவளுடைய நாள்தானே, வயிறாரத் தின்னட்டும் என்று தொட்டியில் கொட்டினேன். ஒரு பருக்கை விடாமல் தின்றாள். நாய்க்கும் ஒரு தட்டு நிறைய வைத்தேன்.

நாய் அளவு மீறித் தின்றுவிட்டு வைக்கோல்போருக்குப் பின்னால் போய்க் கக்கியது. கொஞ்ச நேரத்தில் வாலாட்டிக்கொண்டு வந்தது. பசுவால் அப்படிக் கக்கித் தப்பிக்க முடியாது. மறுநாள் காலையில் அவள் அசைபோடவே இல்லை. இடப்பக்க வயிறு உப்பி, தொட்டால் தளும்பியது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "சாதம், பொங்கல்னு ஏதாச்சும் நெறைய வச்சீங்களா டீச்சர்?"

பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். "இல்லைங்க, ஒரு கைப்பிடிதான்" என்றேன்.

சாதாரண உப்புசத்துக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனார் அவர். மதியம் படுத்தவள் எழவில்லை. கண்கள் உள்ளே போய்விட்டன. அப்போதுதான் அழுதுகொண்டே மருத்துவரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். ஓடி வந்தார். பொங்கல் உள்ளே புளித்து அமிலமாகி, உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று என் கணவர் முன்னாலேயே சொன்னார்.

"காலையிலேயே சொல்லியிருந்தா வயித்தைத் தொறந்து எடுத்திருக்கலாமே டீச்சர்."

பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள், வயிற்றுக் கன்றோடு.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் என் கணவர், "ஒரு கைப்பிடிதான் குடுத்தோம், என்னமோ ஒத்துக்கலை" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். திட்டியிருக்கலாம்.