பஞ்சு முளைத்த போர்டு

ஒரு அவமானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடித்தடி நாவல்களை அடிக்குறிப்பு விடாமல் படிக்கிற நான், ஒரு டப்பாவின் மேல் போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில், ராயபுரத்தில், பெயர்ப்பலகை அடிக்கிற போர்டு கடை வைத்திருந்தேன். பிளாஸ்டிக் ஷீட்டில் அடிக்கிற வினைல் பிரிண்ட் வெயிலில் வெளுக்காமல் இருக்க மேலே பளபளவென்று ஒரு பிலிம் ஒட்டுவது வழக்கம். அந்த வருஷம் அதற்குப் பதிலாக லிக்விட் லேமினேட் வந்தது. பார்க்கப் பால் மாதிரி இருக்கும். ரோலரால் உருட்டினால் காய்ந்து கண்ணாடியாகிவிடும். வீரபாண்டியில் நாலு பனியன் யூனிட் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் அதைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்து, கேட் போர்டு ஆர்டர் பிடித்தேன்.

"வியாழக்கெழம சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் வர்றாருங்க. பத்து மணிக்குள்ள போர்டு தொங்கோணும். இல்லீன்னா நம்ம கேட் பக்கமே வந்தராதீங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை மிரட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பிரிண்ட் வெளியே வந்தது. கடையில் பிரிண்ட் மெஷினைப் பார்த்துக்கொண்ட அம்மாள் திருநெல்வேலிப் பக்கம்; பனியன் கம்பெனி செக்கிங்கில் பத்து வருஷம் இருந்தவர். பிரிண்டை முகர்ந்து பார்த்தார்.

"மை வாடை இன்னும் போவல அண்ணாச்சி. நாளைக்கு உருட்டுவோம்."

"எனக்குக் காய வெக்கத் தெரியும்" என்றேன். ஜன்னலைத் திறந்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி பெரிய ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து நானே உருட்டினேன், தாராளமாக.

டீ குடித்துவிட்டு வந்தால், நீல எழுத்துகளின் ஓரமெல்லாம் கலங்கிக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, போர்டு முழுக்கப் பூனைமுடி முளைத்திருந்தது. பஞ்சு. சந்துக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்கள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன.

செருப்புக்கூடப் போடாமல் நிட்டிங் ஓனரிடம் போனேன். "உங்க பஞ்சுல எம் பொழப்பே போச்சு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். மனிதர் பதறவில்லை. கூடவே வந்து போர்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க பஞ்சு அதுபாட்டுக்குச் சந்துலதானுங்க கெடந்துது. நீங்கதானுங்க ஃபேன் போட்டு விருந்துக்குக் கூப்புட்டிருக்கறீங்க."

ஒவ்வொரு 'ங்க'வும் ஒரு அறை. அவர் போனதும் ஃபேனை எட்டி உதைத்தேன். வெறுங்கால். கட்டைவிரல் நகம் போனது. ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

திரும்பினால், அந்த அம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் மறு பிரிண்ட் போட்டிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் வரை அதை யாரும் தொடவில்லை. பிறகு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, மெல்லிசாக இரண்டு பூச்சு உருட்டினார். நான் லேமினேட் ஊற்றிய தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வியாழன் ஒன்பதரைக்குப் போர்டு கேட்டில் தொங்கியது. முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிழைத்தேன்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைக்கு வந்து, "டப்பாவுல ஒரு வார்த்த வெவரமாச் சொல்லித் தொலைக்கக் கூடாதா, திருட்டுப் பசங்க!" என்று கத்தினேன்.

அந்த அம்மாள் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். ஒரு கடிகாரப் படம், பக்கத்தில் 24.

"எனக்கு இங்கிலீசு வெளங்காது அண்ணாச்சி. இந்தக் கடியாரத்தப் பாத்துத்தான் நாளைக்குன்னு சொன்னேன். நீங்க படிச்ச ஆளு, படமெல்லாம் பாக்க மாட்டிய போல."