பாதித் தண்ணீர் ஏறிய மீன்

வில்லியனூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது செல்வி போன் செய்தார். பாகூரில் எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் உதவியாளர். "ஜமீலா மேடம் போய்ட்டாங்க சார். ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பதான் சொன்னாங்க" என்றார். பாகூர் பேருந்தில் ஏறினேன்; அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினேன். ஜமீலா அவர்களின் வீடு வில்லியனூரிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓரிடத்தில் இருப்பு கொள்ளாதது என் பிறவிக் குணம். ஜமீலா அவர்கள் எங்கள் துறைக்கு வந்த புதிதிலேயே அதைக் கண்டுகொண்டார். மீன்தொட்டிகளுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தவனை, "உக்காருங்க சார். உங்க நிழலு பட்டு அதுங்க கீழயே பதுங்குது" என்று அடக்கினார்.

அவருடைய ஆராய்ச்சிக்குச் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீன்கள். புதுத் தொட்டியில் விட்டால் பயந்த மீன் அடியிலேயே கிடக்கும். துணிந்தது சீக்கிரம் மேலே வரும். இரண்டின் குஞ்சுகளையும் தனித்தனியாக வளர்த்து, பாதிக்கு வெறும் உலர்தீனியும் பாதிக்குப் புழு சேர்த்த நல்ல தீனியும் கொடுத்தார். பிறவிப் பயத்தைத் தீனி மாற்றுமா என்பதுதான் கேள்வி. "இடி இடிச்சா எங்கம்மா கட்டிலுக்கடியில பூந்துப்பாங்க. நானும் அப்டித்தான். எம்பொண்ணையாவது மேல கொண்டாரணும் சார்" என்பார், சிரித்துக்கொண்டே.

ஆயுத பூசையன்று செல்வி தொட்டிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, உள்ளே தொட்டிக்கொரு பிடி பொரியும் போட்டுவிட்டார். எந்தத் தொட்டிக்கு எந்தத் தீனி என்ற ஏற்பாடே பாழ். "ஊரே பொரி துன்னுது, அதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு மேடம்?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜமீலா அவர்கள் முகம் சிவக்க நின்றார். பிறகு மிச்சப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "புதுக் குஞ்சு வெச்சு மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, புதுத் தொட்டிக்கு மாற்ற நாள் குறித்த பிறகுதான் நோயில் படுத்தார். குறித்த நாளும் இன்றுதான்.

வீட்டில் அவர் மகள் சமீரா என்னைத் தனியே அழைத்தாள். பிளஸ் டூ படிக்கிறவள். அம்மாவின் அதே மிரண்ட கண்கள், ஆனால் அழவில்லை. "இன்னிக்கு மீன மாத்தணும்னு அம்மா சொல்லிக்னே இருந்தாங்க அங்கிள். மேல வந்துச்சுன்னா எனக்குச் சொல்றீங்களா?" சரியென்று தலையசைத்தேன்.

அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. ஒரு பிடி மண் போட்டுவிட்டு நேராக ஆய்வகம் போனேன். பயந்த மீன்களின் வாரிசாக, நல்ல தீனி தின்று வளர்ந்த ஒன்றைச் செல்வி புதுத் தொட்டியில் விட்டார். அது அடியில் ஒட்டிக்கொண்டது. கால்கள் பரபரத்தன. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். மீன் கொஞ்சம் எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது.

சமீராவுக்குப் போன் செய்தேன். "பாதித் தண்ணி வரைக்கும் வந்துச்சும்மா" என்றேன். அவள் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

மேடம், இன்று நான் நிழல் போடவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.