சூரியனை வீட்டுக்குள் கொண்டுவந்த ஜெயா அக்கா

ஜெயா அக்கா போய்விட்டார். இன்று விடிய, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்...

சில மாதங்களாகவே சிறுநீரகம் சரியில்லை. தெரிந்த கதைதான். ஆனாலும் போன் வந்ததும், கையில் இருந்த தேத்தண்ணியை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காக... கண்டாவளையில் பால் சேகரிக்கும் நிலையத்தில் என்னோடு வேலை செய்தவர். சூரியனைப் படம் எடுப்பவர். ஓம், சூரியனைத்தான்.

கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி, அஞ்சலி நோட்டீசுக்கு ஒரு படம் கேட்டார். என் போன் நிறைய அக்கா அனுப்பிய படங்கள். மஞ்சள் சூரியன், வெள்ளைச் சூரியன், புள்ளி விழுந்த சூரியன், முகிலுக்குள் பாதி போன சூரியன்... அவருடைய முகம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் நிலையத்து வாணிவிழாப் படத்தில் இருந்து வெட்டித்தான் அனுப்பினேன்.

அக்கா சூரியனைப் படம் எடுத்த ரெலஸ்கோப்பை அனுப்பியதும் இதே தம்பிதான். என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் போன் கேட்பார்கள். இவர் கேட்டது முழங்கை நீளத்தில் ஒரு குழாயும் மடக்குகிற ஸ்டாண்டும்.

பாலை ஏற்றிக்கொண்டு பவுசர் லொறி போனதும் எங்களுக்கு வேலை ஓய்ந்துவிடும். முதல் நாள் அக்கா முற்றத்தில் அதை நிறுத்தியபோது எங்கள் மனேஜர் ஆசையாகக் குனிந்து கண்ணைக் கொண்டுபோனார்.

"சேர், நில்லுங்கோ! தொடாதேங்கோ!"

அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மனேஜர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இன்னும் பில்டர் போடேல்ல, சேர். இப்ப பாத்தால் கண் பொசுங்கிப் போகும்."

வெள்ளித்தாள் போன்ற அந்தப் பில்டரை வெளிச்சத்தில் பிடித்து, ஊசித்துளை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயின் வாயில் மாட்டினார். பிறகு மனேஜரைப் பார்க்க விட்டார். தான் மட்டும் பார்க்கவில்லை. குழாயின் மறுமுனையில் கமராவைப் பூட்டி, அதன் திரையில்தான் பார்த்தார். எப்போதும் அப்படித்தான்.

"நீங்கள் கண்ணால பாக்கமாட்டீங்களோ அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்னட்ட இருக்கிறது ஒண்டுதான் பிள்ளை. பில்டரை நம்பலாம்... ஆனால் இதில நான் விளையாடமாட்டன்."

இடது கண் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் போனது. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

நட்சத்திரம் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் சிரிப்பார். "இரவு முழிச்சிருந்தால் விடியப்பறம் பாலுக்கு ஆர் எழும்புறது?"

நிலையத்துத் தகரக் கூரையின் சூட்டில் படம் தண்ணிக்குள் கிடப்பது போல ஆடும். அதனால் லீவு நாட்களில் ரெலஸ்கோப்பை உரப்பையில் சுற்றி, ஸ்கூட்டியில் வைத்து, இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய்விடுவார். தண்ணீருக்கு மேலே காற்று அடங்கி இருக்குமாம்.

ஒரு நாள் பெரிய கரும்புள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது குறுக்கே ஒரு நீர்க்காகம் பறந்துவிட்டது. சூரியன் மேல் செட்டை விரித்த பறவை! நான்தான் பேஸ்புக்கில் போடச் சொன்னேன். லைக் குவிந்தது. அக்காவுக்கு வந்ததோ கோபம்...

"நான் சூரியனை எடுத்தனான். சனம் காகத்தைப் பாக்குது!"

இனிச் சொல்லப்போவது என் கதை.

வளையக் கிரகணம் வந்த வருடம், நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். அதற்கு முதல் ஒன்று தங்கவில்லை. கிரகணம் முடியும்வரை அறையை விட்டு வெளியே வரவே கூடாது என்று மாமி, என் கணவரின் அம்மா, சொல்லிவிட்டார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் எனக்கும் பயம்.

அன்று காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமி வாசலிலேயே மறித்தார்.

"பிள்ளை, அவளைக் கூப்பிடாதை. ஒருக்கால் பட்டது போதும்."

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அக்கா மாமியின் கையைப் பிடித்தார்.

"அவா வெளியில வரவேண்டாம் மாமி. நான் உள்ளுக்குக் கொண்டு வாறன்."

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கடதாசியால் மூடி, நடுவில் சின்ன வட்டம் வெட்டினார். முற்றத்துக் கதிரையில் அதைச் சாய்த்து வைத்தார். ஜன்னலால் வந்த வெளிச்சம், இருட்டு அறைச் சுவரில் உள்ளங்கை அளவில் ஒரு சூரியனாக நின்றது.

நான் கட்டிலில் இருந்து பார்த்தேன். மெல்ல மெல்லக் கடிபட்டது. பிறை ஆனது. வெளியே அக்கா வெயிலுக்கு ஏற்பக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பெரிய ஆசையோடு காத்திருந்த கிரகணம். ஆனால் ரெலஸ்கோப்பை உரப்பையில் இருந்து எடுக்கவே இல்லை.

வளையம் முழுதாகச் சேர்ந்தபோது மாமி கிட்டப் போய்ச் சுவரைத் தொட்டார்.

"காப்பு மாதிரி இருக்கெல்லே..." என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

மகள் சுகமாகப் பிறந்தாள். மாமி முதலில் போன் எடுத்தது ஜெயா அக்காவுக்குத்தான்.

போன கிழமை வார்ட்டுக்குப் போனேன். அக்கா படுத்தபடியே என்னைப் பார்த்தார். "வெளியில மப்போ, வெயிலோ?" என்று கேட்டார்.

"நல்ல வெயில் அக்கா."

"பிறகேன் இஞ்ச குந்திக்கொண்டு இருக்கிறாய்? போய்ச் சூரியனைப் படம் எடு."

நான் போகவில்லை. நேரம் முடிந்தது என்று நேர்ஸ் வந்து எழுப்பும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

நாளைக் காலை அக்கா வீட்டில் இறுதிக்கிரியை. அறிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்கோ அக்கா.